கதவு மாமாவின் எலும்பை இழைத்த கதை

என் அம்மாவின் தம்பிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எல்லோருக்கும் அவர் கதவு மாமாதான். தச்சு வேலையில் மேசை, கட்டில், அலமாரி என்று எவ்வளவோ இருந்தாலும் அவர் கதவை மட்டும்தான் தொடுவார். மாட்டுவார், கழற்றுவார், கீல் மாற்றுவார், மழைக்கு உப்பிப் போய்த் தரையில் உரசுகிற கதவை அடியில் இழைத்துவிடுவார். யாராவது அலமாரி செய்து தருவீர்களா என்று கேட்டுவிட்டால், கண் டாக்டரிடம் வந்து பல்வலி சொன்னவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பார்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. மணிக்கட்டு வலியைச் சொல்லவில்லை, அது பின்னால் வந்தது. இது கூடவே பிறந்தது. எதையும் ஆட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒட்டு வேலையோ ஆணி வேலையோ, முடிந்ததும் இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவது தச்சர்களுக்கு வழக்கம்தான். மற்றவர்கள் தாங்கள் செய்ததை உலுக்குவார்கள். மாமா கடவுள் செய்ததையும் விடமாட்டார். வங்கிக்குப் போனால் வரிசைக்குக் கட்டியிருக்கும் கம்பியை ஆட்டுவார். பேருந்தில் உட்காரும் முன் இருக்கையை ஆட்டுவார், உட்கார்ந்த பிறகு முன்னால் இருப்பவரின் இருக்கையை ஆட்டுவார். ஒருமுறை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியில் கைப்பிடியை உலுக்க, அது பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பாத்தீங்களா? நான் மட்டும் ஆட்டலைன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று அவரையே கேட்டுவிட்டு, ஆறடிக் கைப்பிடியை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு மாமா வேலையைப் பார்க்கப் போனார்.

அவர் மனைவி, எங்கள் அத்தை, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியை. கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, தினமும் ஏழு பேரிடமிருந்து ஊரைக் காப்பாற்றுகிறவர். வீட்டுக்கும் அப்படி ஒரு பிரேக் வைத்துக் கொடுத்திருக்கலாம் என்பது அவருடைய ஒரே குறை.

வலி, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஆரம்பித்தது. திருப்புளியைப் பிடித்துத் திருகும்போதெல்லாம் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். மாமா அதை ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் கதவிலிருந்து வருவதாகவே நடித்து, நன்றாக இருந்த கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். பிறகு தனக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். பிறகு தலையணை மேல் பழி போட்டார். அதுவும் சரிவராமல் குழாய்க்கு வந்தார்.

"இந்த வீட்டுல குழாயை இவ்வளவு இறுக்கி மூடறது யாரு?"

"நீங்கதாங்க," என்றார் அத்தை.

மணிக்கட்டில் அகலமாக ஒரு தோல் பட்டை கட்டிக்கொண்டார். வலி போகவில்லை. ஓய்வுபெற்ற ரவுடி மாதிரி ஒரு தோற்றம் மட்டும் வந்தது.

இரண்டாவது வருடம் வேலைகளைத் தட்டிக்கழிக்கத் தொடங்கினார். போனில், "இந்த வாரம் மூச்சு விடக்கூட நேரமில்லைங்க," என்பார். போனை வைத்துவிட்டு, மத்தியானம் வரை சுவரைப் பார்த்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் புதிதாகப் பளிங்குத் தரை போட்ட ஒரு வீட்டில் வேலை. கதவை இழைத்துக்கொண்டிருக்கும்போதே பிடி விட்டுப்போய், இழைப்புளி நழுவித் தரையில் விழுந்தது. பளிங்கு விரிசல் விட்டது. வீட்டுக்காரம்மா திட்டியிருந்தால்கூட மாமா பதிலுக்குப் பேசித் தேற்றிக்கொண்டிருப்பார். அந்த அம்மா, "பரவாயில்லைங்க, வயசானா கை நடுங்கத்தானே செய்யும்," என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு வயது நாற்பத்தொன்பது.

அன்று கருவிப்பையைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளியவர் ஒன்பது நாள் அதை எடுக்கவில்லை. பத்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, "திருப்புளி பிடிக்க வரலை," என்றார். வலிக்கிறது என்று சொல்லவில்லை. முப்பது வருடமாக வேறு எதையும் பிடிக்கத் தெரியாத மனிதர் அதைச் சொன்னதும், அத்தை கை கழுவக்கூட இல்லை, கார் சாவியைத் தேடினார்.

காரின் தலைமேல் 'பயிற்சி வாகனம்' என்ற பலகை. நான்கு பக்கமும் சிவப்பு எழுத்து. மாமா முன் இருக்கையில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, எதிரே வந்த லாரிகள்கூட மரியாதையாக விலகி வழி விட்டன.

மருத்துவமனையில் எலும்பு டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். மூன்று மாதம் பட்டை, மாத்திரை, ஓர் ஊசி என்று எல்லாம் செய்து பார்த்தார். வலி எதற்கும் மசியாததால் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு, பாருங்க. ரெண்டும் மணிக்கட்டுக்கிட்ட ஒரே மட்டத்துல முடியணும். உங்களுக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மூணு மில்லிமீட்டர் நீளம். கையைத் திருப்பறப்பல்லாம் முன்னால இருக்கற சின்ன எலும்பைப் போய் இடிக்குது. அதான் வலி."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அடியில உரசுது!"

"அப்படியும் சொல்லலாம்."

"இதுக்கா டாக்டரம்மா மூணு மாசம் மாத்திரை குடுத்தீங்க? அடியில மூணு மில்லி இழைச்சு விட்டா முடிஞ்சுது. அரை மணி நேர வேலை."

"முனையில கை வைக்கமாட்டோம் ஐயா. அங்க வழவழன்னு ஒரு உறை இருக்கு. கை சுத்தறதே அதுலதான். நடுவுல அறுத்து, மூணு மில்லிமீட்டர் துண்டை எடுத்துட்டு, மிச்சத்தைச் சேர்த்துத் தகடு வச்சு ஸ்க்ரூ போட்டுடுவோம்."

மாமா அத்தையைப் பார்த்தார். யாரோ பட்டப்பகலில் கொலை செய்வதைப் பார்த்துவிட்டுச் சாட்சிக்கு ஆள் தேடும் பார்வை.

"கதவு அடியில உரசுதுன்னு நடுவுல ரெண்டா அறுத்து, ஒரு பட்டையை எடுத்துட்டு, மறுபடி ஒட்டுவாங்களா? அப்படி எவனாவது செஞ்சா அவனை நான் தெருவுக்குள்ளயே விடமாட்டேன்."

"கதவு தானா ஒட்டாது. எலும்பு ஒட்டும்," என்றார் டாக்டரம்மா. மாமா அடுத்த கேள்விக்குத் தாவினார்.

"நேரா அறுப்பீங்களா, சாய்வாவா?"

"சாய்வா."

"ம். சாய்வா அறுத்தாத்தான் ஒட்டுப் பரப்பு அதிகம். எத்தனை ஸ்க்ரூ?"

"ஆறு."

"நானா இருந்தா எட்டு."

"பிரேக்," என்றார் அத்தை மெதுவாக. வகுப்பில் சொல்லும் அதே குரல். மாமா நின்றார்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "சிகரெட் பிடிப்பீங்களா? பிடிச்சா எலும்பு ஒட்டத் தாமதமாகும்."

"மரத்தூளுக்கு நடுவுல உக்காந்து எவனாவது நெருப்பு வைப்பானா?"

"நல்லது. அப்ப உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். சும்மா இருக்கணும். தூக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. எலும்பு ஒட்டினா ஆறு மாசத்துல நீங்க பழையபடி கதவு மாட்டலாம். ஒட்டலைன்னா திருப்புளியை மறந்துடணும்."

அறுவைச் சிகிச்சைக்குக் கையை மட்டும் மரத்துப் போக வைத்தார்கள். அது அவர்கள் செய்த தவறு. மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் மாமா முழு நினைவோடு படுத்திருந்தார், அந்தப் பக்கம் ரம்பம் ஓடியது. ஒரு நிமிடம் சத்தத்தைக் கேட்டிருப்பார்.

"பல்லு மழுங்கியிருக்கு. மாத்துங்க."

யாரும் மாற்றவில்லை. சூடாகாமல் இருக்க ரம்பத்தின் மேல் நீர் ஊற்றினார்கள். அந்தச் சத்தமும் கேட்டது.

"தண்ணி விட்டு அறுக்கறீங்களா? உப்பிடுமே!"

இந்த இடத்தில்தான் மயக்க டாக்டர் இன்னொரு ஊசியை எடுத்தாராம். மீதி வேலை ஆலோசகர் இல்லாமல் நடந்தது. வெளியே வந்து இதை அத்தையிடம் சொன்ன டாக்டரம்மா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "அந்த ஊசி வெளிய கடையில கிடைக்குமா டாக்டர்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த மாமா ராஜா மாதிரி இருந்தார். கையில் கழற்றி மாட்டக்கூடிய ஒரு தாங்கு. குளிக்கும்போது மட்டும் ஜாக்கிரதையாகக் கழற்றலாம், மற்ற நேரமெல்லாம் கட்டியே இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் உட்காரும் முன்பே எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளக்கம் ஆரம்பித்துவிடும். தகடு, ஆறு ஸ்க்ரூ, சாய்வாக ஒரு கறுப்புக் கோடு.

"இந்த மூணாவது ஸ்க்ரூ லேசா சாஞ்சிருக்கு. சின்னப் பொண்ணு, போகப் போகக் கத்துக்கும்."

அம்மா பழம் வாங்கிக்கொண்டு போனாள். "ஏன்டா, வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"வலியை விடுக்கா, வேலையைப் பாரு," என்று படத்தை அவள் கையில் திணித்தார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எதையும் தூக்கவில்லை. எதையும் முறுக்கவில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட இடது கையால்தான் எடுத்தார். இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிறாரே என்று அத்தைக்கே லேசாகப் பயமாக இருந்ததாம். குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பது தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆறாவது வாரம் மறுபடி எக்ஸ்ரே. டாக்டரம்மா திரையைப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் போட்டார். மறுபடி பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"கோடு அப்படியே இருக்கு. முன்னைவிட அகலமா வேற இருக்கு. ஒரு ஸ்க்ரூ வெளிய நகர்ந்திருக்கு. ஏதாவது தூக்கினீங்களா?"

"இல்லைம்மா."

"முறுக்கினீங்களா? கதவு, ஜன்னல், பாட்டில் மூடி?"

"சத்தியமா இல்லை."

மாமா பொய் சொல்லவில்லை. அதைத்தான் டாக்டரம்மாவால் புரிந்துகொள்ள முடியவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் மெல்லத் திரும்பினார்.

"ஆட்டினாரான்னு கேளுங்க டாக்டர்."



"ஆட்டாம எப்படித் தெரியும்?" என்றார் மாமா.

"என்னது?"

"பிடிச்சிருக்கா இல்லையான்னு. ஒட்டு வேலைன்னா பாக்கணும் இல்ல? ரொம்ப இல்லைம்மா. குளிக்கறப்ப, கழட்டி வச்சுட்டு, ஒரு கையால மேல பிடிச்சு, மணிக்கட்டை ஏதாவது சுவத்துல முட்டுக் குடுத்து, லேசா ஒரு ஆட்டு. காதை வச்சுக் கேப்பேன். அவ்வளவுதான்."

"எத்தனை நாள்?"

"தினமும்தான். ஒருநாள் பாத்து ஒருநாள் பாக்காம விட்டா எப்படி?"

டாக்டரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். ஐந்து வருடமோ பத்து வருடமோ படித்த படிப்பில், தச்சருக்கு எலும்பை ஒட்டினால் அவர் தினமும் காலையில் அதன் தரத்தைச் சோதிப்பார் என்று எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கவில்லை போலும்.

"ஐயா, எலும்பு ஒட்டறது பசை காயற மாதிரி இல்லை. ரெண்டு பக்கத்திலேர்ந்தும் நூல் நூலா வளர்ந்து வந்து கையைக் கோத்துக்கும். ஒவ்வொரு தடவை நீங்க ஆட்டறப்பவும் அந்த நூல் அறுந்துபோச்சு. அது மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சுது. அடுத்த நாள் நீங்க மறுபடி அறுத்தீங்க."

மாமா தன் கையைப் பார்த்தார். யாருக்கோ தெரியாமல் தீங்கு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர் போல அந்தக் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

"இப்ப?"

"முழங்கைக்கு மேல வரைக்கும் மாவுக்கட்டு. கழட்டவே முடியாது. இன்னும் ஆறு வாரம். ஒட்டினா உண்டு. ஒட்டலைன்னா மறுபடி திறந்து, இடுப்பு எலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து உள்ள வைக்கணும். அதுக்கு அப்புறமும் நான் எதுவும் உறுதி சொல்லமாட்டேன்."

திரும்பும் வழியில் மாமா ஸ்க்ரூ எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை. ரம்பத்தைப் பற்றிப் பேசவில்லை. சிக்னலில் கார் நின்றபோது, "திட்டேன்," என்றார்.

"எதுக்கு?" என்றார் அத்தை.

"திட்டினா நல்லா இருக்கும்."

"அதுக்குத்தான் திட்டலை."

பச்சை விழுந்தது. அத்தை கிளப்பினார். வேகத்தடைகளில் எல்லாம், முட்டை வண்டி ஓட்டுகிறவர் போல ஏற்றி இறக்கினார்.

அடுத்த ஆறு வாரம் மாமாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. கிண்டல் செய்யலாம் என்று போனால் கிண்டலுக்கு ஆள் இல்லை. விளிம்பு வரை நிறைந்த குடத்தைச் சுமப்பவர் மாதிரி நடந்தார். தும்மல் வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு தும்மினார். போனில் கதவு உரசுகிறது என்று யாராவது கூப்பிட்டால், "எனக்குக் கையில ஒட்டு வேலை நடக்குதுங்க, முடிஞ்சதும் சொல்றேன்," என்றார். மூச்சு விட நேரமில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களுக்குப் படம் காட்டவில்லை. ஒருநாள் அம்மா கட்டைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். சட்டென்று உடம்பையே திருப்பிக்கொண்டார்.

"அதைத் தொந்தரவு பண்ணாதக்கா," என்றார். "உள்ள வளர்ந்துட்டு இருக்கும்."

வீட்டில் அத்தையிடம் மட்டும் தினமும் ஒரே கேள்வி.

"ஒட்டியிருக்குமா?"

"இருக்கும்."

"எப்படிச் சொல்றே?"

"எப்படியும் சொல்லலை. சாப்பிடுங்க."

ஆறு வாரம் முடிந்தது. மாவுக்கட்டு வெட்டும் சின்ன ரம்பம் முழங்கையிலிருந்து கீழே இறங்கி வந்தது. அதன் பல்லைப் பற்றி மாமாவுக்கு எந்தக் கருத்தும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கட்டு பிளந்து உள்ளேயிருந்து வந்தது யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் கை. மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்துபோய் இருந்தது. அதை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு படம் எடுக்கும் அறைக்குப் போனார்.

டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டபோது மாமா எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீயே பாத்துச் சொல்லு," என்றார் அத்தையிடம்.

அத்தை பார்த்தார். "எனக்கு என்னங்க தெரியும்? எல்லாம் எலும்பாத்தான் தெரியுது."

மாமா திரும்பினார். எழுந்து போய், மூக்கு முட்டும் தூரத்தில் திரைமுன் நின்றார். தகடு இருந்தது. ஆறு ஸ்க்ரூ இருந்தது.

"எங்கம்மா அறுத்தீங்க?"

"மூணாவது ஸ்க்ரூவுக்கும் நாலாவதுக்கும் நடுவுல."

"அங்கதான் தேடறேன். ஒட்டைக் காணோமே."

"ஒட்டிருச்சுன்னா காணாதுதான்."

மாமா இடதுகைச் சுட்டுவிரல் நகத்தைத் திரையில் வைத்து, மேலிருந்து கீழே மெல்ல இழுத்தார். கீழிருந்து மேலே இழுத்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. அது கண்ணாடித் திரை, தடுக்காது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"நான் போட்ட ஒட்டு ஒண்ணுகூட இவ்வளவு சுத்தமா வந்ததில்லைம்மா," என்றார்.

"அறுத்ததும் முடுக்கினதும்தான் நான். ஒட்டினது நீங்க."

"நானா? நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்?"

"ஆமா. ரொம்பக் கஷ்டமான வேலை," என்று டாக்டரம்மா அவர் கையை மெதுவாக மேசைமேல் வைத்தார். "உள்ளங்கையை மேல பாத்துத் திருப்புங்க. வந்தவரைக்கும் போதும்."

கை பாதி வரை திரும்பியது. அங்கே விறைத்துப் போய் நின்றது. மாமா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

"மிச்சம் பயிற்சியில வரும். திருப்புளி பிடிக்க இன்னும் மூணு மாசம் ஆகும். வலிக்குதா?"

மாமா கையை மெல்ல இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

"இல்லை," என்றார். பிறகு, யாரும் மறுக்காமல் இருக்கும்போதே இன்னொரு தடவை, "இல்லைம்மா," என்றார்.

அத்தை குனிந்து தன் கைப்பைக்குள் எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"என்ன தேடறே?" என்றார் மாமா.

"கார் சாவிங்க."

சாவி அத்தையின் இடது கையில்தான் இருந்தது. மாமா அதைப் பார்த்தார். டாக்டரம்மாவும் பார்த்தார். இருவரும் அவர் தேடி முடிக்கும் வரை காத்திருந்தார்கள்.